மூன்றாவது மாடியின் வக்காலத்து

எங்கள் அலுவலகம் இருக்கும் மூன்றாவது மாடி, திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்குச் சட்ட ஆலோசனை கேட்டு எங்களிடம் வந்தது.

டோக்கன் வாங்கியது. தன் முறை வரும்வரை காத்திருந்தது. பிறகு எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தது. அந்த நாற்காலி அதன் மேல்தான் இருந்தது. இரண்டுக்கும் அதில் சங்கடம் எதுவும் தெரியவில்லை.

அதன் குரல் தரையிலிருந்து வந்தது. காதால் கேட்டால் வெறும் இரைச்சல். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வழியாகக் கேட்டபோது தெளிவாக இருந்தது.

"வணக்கம் மேடம். எனக்கு வாரத்துல ரெண்டு நாள் லீவு வேணும்."

"ஏன்?"

"நீங்கதான் போன்ல எல்லார்கிட்டயும் சொல்றீங்க. வேலைதான் முக்கியம், நேரம் முக்கியமில்லன்னு. அஞ்சு வருஷமா கேட்டுக்கிட்டே கிடக்கேன். இந்த ஆபீஸ்ல இருபத்தி நாலு மணி நேரமும் இருக்கறது நான் மட்டும்தான்."

அது உண்மைதான். எங்கள் நிறுவனத்தின் பெயர் 'இசைவு சட்ட ஆலோசகர்கள்'. லிங்கிச் செட்டித் தெருவில் நான்கு மாடிக் கட்டடம். என்னிடம் பதினொரு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். யாரையும் இந்த நேரத்துக்கு வா, இந்த இடத்தில் உட்கார் என்று நான் சொல்வதில்லை. காரைக்குடியில் இருக்கும் ஒருவர் மின்சாரம் போனால் மட்டும் பத்திரம் பார்ப்பார். இன்னொருவர் எந்த வழக்கிலும் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார். இரண்டாம் பாதிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"எந்த ரெண்டு நாள்?" என்றேன்.

"செவ்வாய், வியாழன்."

பேனாவை மூடினேன்.

அந்த வியாழக்கிழமைதான் ஒரு பெரிய பம்புசெட் கம்பெனியிலிருந்து எங்களைப் பார்வையிட வருகிறார்கள். மூன்று வருடத்துக்கு அவர்களுடைய ஒப்பந்த வேலை முழுவதையும் கொடுப்பதாகப் பேச்சு. வந்தால் முப்பது வழக்கறிஞர்களாக வளரலாம். வராவிட்டால் இப்போது இருக்கும் பதினொரு பேருக்கே கொடுக்க வேலை இல்லை. அவர்கள் தங்கள் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். கம்பெனியின் நிபந்தனை ஒன்றே ஒன்று. அலுவலகம் இருக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். இருந்தால் போதும்.

குமாஸ்தா தணிகாசலத்தைக் கூப்பிட்டேன்.

"இவங்க எதுக்கு வந்திருக்காங்கன்னு கேட்டீங்களா?"

"கையெழுத்து வாங்கிட்டேன் மேடம். நீங்களும் போட்டுட்டீங்க. இன்னா கேஸுன்னு இனிமேதான் கேக்கணும்."

தணிகாசலம் முப்பது வருட அனுபவம் உள்ளவர். ஆள் படியேறும்போதே வக்காலத்தை நீட்டிவிடுவார். அடுத்த கட்டடத்து வக்கீல் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. நானும் காலையில் வந்ததும் பத்து வக்காலத்தில் 'ஏற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவேன். இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான். வாங்கிப் பார்த்தேன். கட்சிக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் காகிதத்தில் மெல்லிய விரிசல் ஓடியிருந்தது. சாட்சியாக ஜன்னல் கையெழுத்திட்டிருந்தது. எல்லாம் முறைப்படி இருந்தது.

"லீவு கிடைச்சா எங்க போவீங்க?" என்று கேட்டேன்.

"கேஸுக்குத் தேவையா மேடம்?"

"தேவையில்ல. தெரிஞ்சுக்கணும்."

"முதல்ல கிடைக்கட்டும்" என்றது மாடி.

தணிகாசலம் நாற்காலி மேல் ஏறி நின்று என்னைச் சைகையால் அழைத்தார். தரையில் நின்று பேசினால் கட்சிக்காரருக்குக் கேட்டுவிடும். நானும் இன்னொரு நாற்காலியில் ஏறினேன்.

"மேடம், ஓனருக்கு அனுப்பற நோட்டீஸ்ல வியாழனைத் தூக்கிட்டு சனின்னு அடிச்சுடறேன். டைப்பிங் மிஸ்டேக்."

"வக்கீல் நோட்டீஸ்ல மிஸ்டேக்கா?"

"நம்ம நோட்டீஸ்ல எப்பவும் இருக்கறதுதானே. இது ஒண்ணுதான் உருப்படியான மிஸ்டேக்."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கட்சிக்காரர் எங்கள் இருவரையும் தாங்கிக்கொண்டிருந்தது. நாற்காலிகளோடு சேர்த்து. இறங்கிப் போய் நானே வியாழன் என்று அடித்தேன்.

கட்டட உரிமையாளர் ஜம்புலிங்கம் நாலாவது மாடியில் குடியிருக்கிறார். பதினெட்டுப் படி. நோட்டீஸ் எடுத்துக்கொண்டு போகும்போது படிகள் கூடும். இது வழக்கமானதுதான். பன்னிரண்டு மணிக்கு ஏற ஆரம்பித்தேன். நடுவில் ஒரு படியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வக்கீலம்மா. யாரு பார்ட்டி?"

"மூணாவது மாடி."

"சாப்பாடு போட்டு வளர்த்த மாதிரி வெள்ளையடிச்சு வளர்த்தேன். எனக்கே நோட்டீஸா?" நோட்டீஸை எட்டிப் பிடித்துப் படித்தார். "மூணு இல்லாம நாலை எதும்மா தாங்கும்?"

"ரெண்டாவது மாடி பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கு. கோர்ட்ல ஒரு வக்கீல் வரலன்னா இன்னொருத்தர் அவருக்காக எழுந்து நிப்பார் இல்லையா, அந்த மாதிரி."

"எழுந்து நின்னு என்ன பண்ணுவாரு?"

"வாய்தா வாங்குவார்."

"மாடி வாய்தா வாங்கினா நான் தெருவுல கிடப்பேனே!"

நியாயமான பயம்தான். அவர் தைலப் புட்டியை மூடினார்.

"சரி. அந்த ரெண்டு நாளும் அது இங்க இல்லைன்னு ஒரு சர்ட்டிபிகேட் வேணும். ரெண்டு நாளும் அதுவே நேர்ல வந்து கொடுக்கணும்."

"வந்தா இருக்கறதா ஆயிடுமே சார்."

"அதான் ரூல்ஸ்."

நான் கொஞ்ச நேரம் அவருடைய முழங்காலைப் பார்த்தேன். வீங்கியிருந்தது.

"மூணாவது மாடி இல்லாத நாள்ல உங்க வீட்டுக்குப் பதினெட்டுப் படி குறையும் சார்" என்றேன்.

அவரும் முழங்காலைப் பார்த்தார்.

"பதினெட்டா?"

"எண்ணியிருக்கேன்."

"ஞாயித்துக்கிழமையும் சேர்த்துக்கச் சொல்லுங்களேன். கல்யாணம் காட்சின்னு கிளம்பறது அன்னிக்குத்தான்."

சர்ட்டிபிகேட் பேச்சை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் ஜெயித்துவிட்டேன். இறங்கும்போது படிகள் பதினெட்டுதான் இருந்தன. கால்கள் கனமாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை மாடி இல்லை. எதிர் டீக்கடையில் மேஜை போட்டு வேலை பார்த்தேன். கட்டடம் குள்ளமாக இருந்தது. ஜம்புலிங்கம் நான்கு முறை இறங்கி வந்து டீ குடித்துவிட்டு ஏறினார். புதன்கிழமை காலை மாடி திரும்பி வந்திருந்தது. மூலைகளில் செம்மண். என் மேஜைக்கு அடியில் புல் விதைகள்.

"எங்க போனீங்க?"

"சொன்னா புரியாது மேடம். கூட வந்து பாருங்க."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அலுவலகம் இருக்கிறதா என்றுதான் கம்பெனி பார்க்கப் போகிறது. எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு நானும் தணிகாசலமும் உள்ளே உட்கார்ந்துகொண்டோம். மாடி படியிறங்கியது. கடற்கரை ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்தது. மாடிக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. நான் என் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் தாம்பரம் வரை நின்றுகொண்டே போனது போல் கால் வலித்தது.

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினோம். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வெள்ளையடித்த கற்கள் நட்ட மனைகள். யாரும் இன்னும் வீடு கட்டவில்லை. நாற்பத்தாறாம் எண் மனைக்கு நடுவில் மாடி மெதுவாகத் தன்னை இறக்கி வைத்தது. மண்ணைத் தொட்டதும் அதன் ஓடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"இதுக்குத்தானா?" என்று கேட்டேன்.

"அடியில யாரும் இல்ல மேடம். நேரா மண்ணு. நாப்பத்தோரு வருஷமா இன்னொருத்தர் தலையில உட்கார்ந்திருந்தேன்."

கம்பெனிக்குப் போன் செய்து, அலுவலகம் இன்று இருக்கும் இடத்தைச் சொன்னேன். சரி என்றார்கள். பதினொரு மணிக்கு ஷேர் ஆட்டோவில் ஓர் அம்மாள் வந்து இறங்கினார். பெயர் பத்மஜோதி. கையில் அளவு நாடாவும் படிவமும் இருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மேஜைகளை அளந்தார். தணிகாசலத்தை அளந்தார். பிறகு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"முகவரியில மூணாவது மாடின்னு போட்டிருக்கு. இது தரைத்தளமா இருக்கே?"

"மூணாவது மாடிதாங்க இது" என்றார் தணிகாசலம். "இன்னிக்கு இங்க வந்திருக்குது."

"ஏறிய படிகள்னு ஒரு கட்டம் இருக்கு சார். பூஜ்யம்னு எழுதினா எங்க ஹெட் ஆபீஸ்ல என்னைக் கேப்பாங்க." அவர் என்னைப் பார்த்தார். இரக்கம் உள்ளவர் என்று தெரிந்தது. "ஒண்ணு பண்ணலாம். நான் மூணாவது மாடிதான்னு அதுவே ஒரு வார்த்தை சொல்லட்டும். எழுதிக்கறேன். வேலை உங்களுக்குத்தான்."

தணிகாசலம் சட்டென்று தரையில் குனிந்தார். "சொல்லு கண்ணு. ஒரே வார்த்தை."

மாடி என்னைத்தான் கேட்டது.

"மேடம், சொல்லட்டுமா?"

உள்ளங்கால் கூசியது. முப்பது வழக்கறிஞர்களும் வரிசையாக என் கண்முன் நின்றார்கள். அவர்களில் ஒருவர் இரண்டாம் பாதி மட்டும் பார்ப்பவர்.

"சொன்னா என்ன ஆகும்?" என்று மாடி கேட்டது.

"நீங்க இன்னிக்கு வேலையில இருக்கறதா ஒத்துக்கிட்ட மாதிரி. ஒரு தடவை ஒத்துக்கிட்டா லீவு போச்சு. ஜம்புலிங்கம் சார் விட்டாலும் சட்டம் விடாது."

"சொல்லலன்னா?"

"எங்களுக்கு இந்த வேலை கிடைக்காது."

வெளியே ஓர் ஆடு எங்கள் பெயர்ப்பலகையை முகர்ந்துகொண்டிருந்தது.

"நீங்க யாருக்கு வக்கீல் மேடம்?"

"உங்களுக்கு."

"அப்ப உங்க ஆலோசனை?"

"சொல்லாதீங்க."

தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டு கோப்பு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றார். பத்மஜோதி படிவத்தில் 'அலுவலகம் காணப்படவில்லை' என்று அலுவலகத்துக்குள் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதியது சரியா என்று என்னிடம் காட்டினார். ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

இனி நாங்கள் பதினொரு பேர் இல்லை. பத்தோ, எட்டோ. காரைக்குடிக்காரர் மட்டும் நிச்சயமாக இருப்பார். அவர் கிளம்ப முடிவு செய்வதற்கும் மின்சாரம் போக வேண்டும்.

அப்போது தலைக்கு மேலே படபடவென்று சத்தம் கேட்டது. மாடி நடுங்கியது. நாற்காலிகள் ஒரு விரற்கடை நகர்ந்தன.

"மேல யாரு?" என்றது.

"யாரும் இல்ல. மழை."

மூன்றாவது மாடிக்கு மேலே எப்போதும் நாலாவது மாடி இருந்திருக்கிறது. மழையை அது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறது. தலையில் வாங்கியதில்லை.

"இதுக்குப் பதில் மனு ஏதாவது போடணுமா மேடம்?"

"வேண்டாம்."

"ஆட்சேபணை?"

"அதுவும் வேண்டாம்."

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

எனக்குத் தெரிந்த சட்டங்களை ஒருமுறை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை.

"நனையுங்க" என்றேன்.

அது நனைந்தது. தணிகாசலம் அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்து மேலே அண்ணாந்து பார்த்தார். பத்மஜோதி படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். அவருடைய வேலை முடிந்துவிட்டது. ஷேர் ஆட்டோ ரோட்டில் ஹாரன் அடித்துக் கூப்பிட்டது. அவர் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்து, கால்கள் இரண்டையும் வெளியே நீட்டி, ஈர மண்ணில் ஊன்றிக்கொண்டார்.