மேகி பொங்கிய வீடு

என் வீட்டில் முதன்முதலில் பொங்கியது பால் இல்லை, மேகி. எங்கள் சொந்தத்தில் சிலருக்கு இது இன்னும் செரிக்கவில்லை.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். இரண்டாவதை நான் பார்க்கவில்லை. பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. விடியுமுன் பஸ் ஏறி, பாலம் தாண்டி, சிங்கப்பூர் தொழிற்சாலையில் உழைத்து, உலு திராமில் புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பில் ஒரு மாடி வீடு வாங்கினேன். பத்திரத்தில் ஒரே பெயர்தான்: வாசுகி. இதைச் சொல்லும்போது என் கழுத்து கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே!

சாவி கைக்கு வந்ததும் பத்து பாகாட்டிலிருந்து அண்ணி செல்வராணி போன் செய்தார்.

"வாசு, ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சிடலாம். நானும் உங்க அண்ணனும் பால் சட்டியோட முன்னால போறோம். நீ தனி ஆளு இல்லையா, பின்னால விளக்க எடுத்துக்கிட்டு வா. ஜோடியாத்தான் முதல்ல நுழையணும், அதான் முறை."

"சரி அண்ணி" என்றேன். என் வீட்டுக்குள் நான் இன்னொருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நுழைய வேண்டுமா? நெஞ்சு எரிந்தது. ஆனால் அண்ணி கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் அப்போதே சண்டை போட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு, எங்கெங்கே பழுது என்று பார்க்க நீல டேப்போடு போனேன். அது வீடு புகுவதில் சேராது என்று அண்ணியே சொல்லியிருந்தார். குறை உள்ள இடத்தில் டேப் ஒட்டி வைத்தால் வீடு கட்டிய டெவலப்பரின் ஆள் வந்து சரிசெய்து தருவான். தரைக்கல்லைக் காசால் தட்டினேன். உள்ளே வெற்றிடம் போலச் சத்தம் வந்தால் ஒரு டேப். சரியாக மூடாத கதவுக்கு ஒன்று. மாமியார்கூட மருமகளிடம் இவ்வளவு குறை கண்டிருக்க மாட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. பசி வேறு. ஞாயிற்றுக்கிழமைக்காக வாங்கிய சின்ன டப்பா கேஸ் அடுப்பு காரில் இருந்தது, ஒரு சட்டியும் மேகியும்கூட இருந்தன. அலமாரிகூட இல்லாத வெறும் சமையலறைத் தரையில் அடுப்பை வைத்துத் தண்ணீர் ஏற்றினேன். ஜன்னலைச் சோதித்துவிட்டுத் திரும்புவதற்குள் மேகி பொங்கி வழிந்துவிட்டது. சட்டியோடு தரையில் உட்கார்ந்து, என் சுவர்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். எந்தக் கல்யாண விருந்தும் அவ்வளவு ருசித்ததில்லை. மழை விடவில்லை, பால் சேர்க்காமல் ஒரு கோப்பி ஓ போட்டேன். பிறகு இன்னொரு மேகி.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி பட்டுச் சேலையில் புதுச் சட்டியோடு வந்தார். அவரும் ராஜசேகரன் அண்ணனும் வலது காலை எடுத்து வைத்து முன்னால் போக, நான் விளக்கோடு பின்னால் போனேன். சொந்தக்காரர்கள் சமையலறையில் கூடி நின்றார்கள். பால் லேசாகச் சூடேறியது. அடுப்பு பொக்கென்று அணைந்துவிட்டது.

அண்ணியின் முகம் வெளிறிப்போனது.

"கேஸ் புதுசுதானே வாங்கின?"

"புதுசுதான். வெள்ளிக்கிழமை மேகி போட்டேன், அண்ணி."

"பாலுக்கு முன்னால மேகியா!"

"அலமாக்" என்றார் அண்ணன். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு தோளில் தெரிந்தது. "பொங்குச்சா?"

"நல்லாப் பொங்குச்சு."

"எந்தப் பக்கம் வழிஞ்சுச்சு?"

காட்டினேன். தரைக்கல் இடுக்கில் மஞ்சள் கறை கிழக்கே ஓடியிருந்தது. அண்ணி பட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தார். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏங்க, எல்லாரும் வெளிய வாங்க."

"ஏன், என்னாச்சு?" என்றார் அண்ணன்.

"வீட்டுக்காரி அடுப்பு மூட்டி, கிழக்க பொங்க வச்சு, சாப்பிட்டும் முடிச்சிட்டா. நாம விருந்தாளிங்க லா. விருந்தாளி எங்கயாச்சும் முன்னால போவாங்களா?"

எல்லாரும் வாசலுக்கு வந்தோம். பக்கத்து வீட்டுச் சீன அம்மா, மேசையில் ஸ்டீம்போட் சூப் கொதிக்கவைக்க வைத்திருந்த கேஸ் டப்பாவைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தானும் வந்து நின்றார். அண்ணி சட்டியை என் கையில் வைத்துவிட்டு, விளக்கைத் தான் வாங்கிக்கொண்டார்.

"போ வாசு. வலது கால்."

போனேன். எனக்கு முன்னால் யார் முதுகும் இல்லை, என் வீடு மட்டும்தான் இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை காலியாக இல்லை. பாலும் கிழக்கேதான் பொங்கியது.

அடுத்த வாரம் டெவலப்பரின் ஆள் டேப் டேப்பாகப் பார்த்துக்கொண்டே சமையலறைக்கு வந்தான். மஞ்சள் கறையைக் கண்டு, இதற்கு டேப் ஒட்ட மறந்துவிட்டீர்களே, சுரண்டிப் புதிதாகப் பூசித் தரட்டுமா என்று கேட்டான்.

"அதத் தொடாதப்பா" என்றேன். "இந்த வீட்டுல பழுதில்லாத இடம் அது."