ஜன்னலுக்கு முன்னால் ஒரு 'வ'

ஒல்ஷின்கா ஊரில் டிராஹோமீராவின் குரல் கம்பங்களில் தொங்கியது. ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர் அவள். ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவள்தான். முதலில் ஒரு பித்தளை வாத்தியப் பாட்டு, பிறகு, "மதிப்பிற்குரிய குடிமக்களே! நாளை குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்." அதே வாய்தான் வீட்டு வாசலைத் தாண்டியதும், "எவன்டா அது, சேத்து பூட்ஸோட அடுப்படிக்குள்ள வந்தது?" என்று கத்தும். வந்தவன் வேறு யாராக இருப்பான்? அவள் புருஷன் வெண்டெலீன்தான். ஏரியில் கெண்டைமீன் வளர்க்கும் வேலை, சேறு இல்லாமல் எப்படி வருவான்?

எங்கள் பக்கத்தில் ஜன்னலுக்கு எழுத்தில் 'ஒக்னோ'. வாயில் 'வொக்னோ'. முன்னால் ஒரு 'வ' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிவார்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி முளைத்துவிடும். அடுப்படியில் உட்கார்ந்து 'ஒக்னோ' என்று ஒருவன் சொன்னால், அவன் அதிகாரியாக இருக்க வேண்டும், இல்லை பெண் கேட்டு வந்தவனாக இருக்க வேண்டும்.

வேலை முடிந்த அலுப்பில் டிராஹோமீரா எப்போதாவது அந்த 'வ' இல்லாமல் பேசிவிடுவாள். வெண்டெலீன் விடமாட்டான்.

"அடியே கிழவி, அந்த மைக் குரல ஆபீஸ்லயே கழட்டி மாட்டிட்டு வரக்கூடாதா? வீட்ட ஜப்தி பண்ண யாரோ வந்த மாதிரி இருக்கு. பேசுறது நீதானான்னே தெரியல எனக்கு."

"ஆமா, இந்த ஓட்ட வீட்ட ஜப்தி பண்ணி எவன் என்ன செய்யப்போறான்? சூப்பக் குடிய்யா."

கிறிஸ்துமஸ் விருந்துக்கான கெண்டைமீனுக்காக ஏரியை வடித்து வலை இழுத்த நாளில், மிச்சத் தண்ணீர் ஆழமாக நின்ற மதகுக்குப் பக்கத்தில் படகு கவிழ்ந்தது. வெண்டெலீன் ஆழத்தில் போய்விட்டான். கூட வேலை செய்யும் ஸ்லாவெக் குதித்துத் துழாவி அவனை வெளியே இழுத்துப் போட்டபோது மூச்சு இல்லை. பிறகு வந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, உடம்பில் குறை ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவன் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு அடுப்படி நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்தான்.

"அம்மையீர், தயவுசெய்து ஒக்னோவை மூட இயலுமா? காற்று குளிர்ச்சியாக வீசுகிறது" என்றான்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நக்கலப் பாரு! செத்துப் பொழச்சு வந்தும் வாய் போகலையே ஒனக்கு."

அவன் சிரிக்கவில்லை. வெளிநாட்டுக்காரர் பேச்சு முடியட்டும் என்று காத்திருப்பவனைப்போல மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அது மாறவே இல்லை. உருளைக்கிழங்கு சூப் வைத்தால், "உப்பு அளவாக உள்ளது. சீரகம் சிறிது கூட்டலாம்" என்று சமையல் புத்தகம் பேசியது. வானத்தைப் பார்த்தால், "வடமேற்கில் பனிப்பொழிவு எதிர்பார்க்கப்படுகிறது" என்று வானொலி பேசியது. படுக்கையில், "தங்களுக்கு அமைதியான உறக்கம் வாய்க்கட்டும்" என்றான். முப்பது வருஷம் கூடப் படுத்தவளைத் 'தாங்கள்' என்கிறான்! தொட்டால் அவன் கை எப்போதும் ஈரமாக இருந்தது. அவள் திட்டினாள், கெஞ்சினாள், கிள்ளிக்கூடப் பார்த்தாள். அடுப்படிப் பேச்சு ஒன்றுகூட அவன் காதில் ஏறவில்லை.

ஊரே சிரித்தது. ஸ்லாவெக் வேலியோரம் நின்று சொன்னான்: "பீர்க்கடையில உம் புருஷன் என்ன சொன்னான் தெரியுமா டிராஹா? 'எனக்கு ஒரு கோப்பை பீர் வழங்கப்பட வேண்டும்'னான். கடைக்காரன் பயந்துபோய் லைசென்ஸ எடுத்துட்டு வந்துட்டான்."

அவள் சிரிக்காததைப் பார்த்து அவன் முகமும் தொங்கிப்போனது.

"ஒண்ணு சொல்லணும், திட்டாத. அன்னைக்குத் தண்ணிக்குள்ள கையில ரெண்டு பேர் தட்டுப்பட்டாங்க. விழுந்தது இவன் ஒருத்தன்தானே. நான் கிட்ட இருந்தவனப் புடிச்சு இழுத்துட்டேன்."

டிராஹோமீரா வேலியிலிருந்து திரும்பினாள். வீட்டுக்குள் போனாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவன் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். தன் பேச்சு இவனுக்கு எட்டாது, இவனுக்கு எட்டுகிற பேச்சு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். வெண்டெலீன் வேண்டாம் வேண்டாம் என்ற அந்தக் குரலை முதல் முறையாகத் தெரிந்தே வீட்டுக்குள் எடுத்தாள்.

"மதிப்பிற்குரிய ஐயா, என் கணவர் வெண்டெலீன் தற்போது எங்கு உள்ளார் என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அவன் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் இதற்காகவே காத்திருந்தவனைப்போல எழுந்து நின்றான்.

"தங்கள் வினவலுக்கு நன்றி. அன்னார் மதகின் அருகே, நீரின் அடியில் உள்ளார்."

"அவரைத் திரும்பப் பெற இயலுமா?"

"இயலும். தாங்கள் நேரில் சென்று, அவருக்குப் பழக்கமான பேச்சில் மறுமொழி கூறினால் போதுமானது. அவர் எழுந்து வருவார். நான் நீருக்குத் திரும்பிச் செல்வேன்."

இவ்வளவுதானா! அவருக்குப் பழக்கமான பேச்சு என்றால் அவளைவிட யாருக்குத் தெரியும்? மேல்கோட்டுகூட இல்லாமல் ஓடினாள். ஏரி மறுபடி நிரம்பி உறைந்து கிடந்தது. மதகுக்குப் பக்கத்தில் பனிக்கட்டிமேல் குப்புறப் படுத்துக் காதை வைத்தாள். குளிர் காதைக் கடித்தது. அப்புறம் கீழேயிருந்து, தூக்கத்தில் புரண்டு படுத்து முணுமுணுக்கிறவன் குரல்.

"அடியே டிராஹா... அந்த வொக்னோவச் சாத்தித் தொலையேன்டி. குளிர் உயிர வாங்குது."

'வ'! அந்த ஒற்றை 'வ'வைக் கேட்டதும் அவளுக்குக் கண்ணீர் பொங்கியது. 'சாத்துறேன்யா கிழவா, வொக்னோவச் சாத்துறேன், எந்திரிச்சு வாய்யா' என்று நெஞ்சுக்குள் கத்தினாள். வாயைத் திறந்தாள்.

"ஒக்னோ மூடப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி திறந்தாள். உதட்டைக் குவித்து, பல்லில் அழுத்தி, அந்த 'வ'வைத் தேடினாள். "தாங்கள் உடனடியாக எழுந்து வருமாறு..." பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலாவது? "மதிப்பிற்குரிய வெண்டெலீன் அவர்களே..." வீட்டுக்குள் எடுத்த அந்த ஒலிபெருக்கிக் குரல் கழலவே இல்லை. அதுதான் வந்தது, தெளிவாக, திருத்தமாக.

பனிக்கட்டிக்குக் கீழே முணுமுணுப்பு நின்றுவிட்டது. பிறகு, முன்பின் தெரியாதவர்களிடம் பேசும் கூச்சத்தோடு அவன் குரல் வந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா. எங்க கிழவின்னு நெனச்சுட்டேன். நீங்க ஆபீஸ்லேருந்து வந்திருக்கீங்கபோல. அவளப் பாத்தீங்கன்னா, நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லிருங்க."

டிராஹோமீரா பனிக்கட்டியில் நெற்றியை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"தகவல் உரியவரிடம் சேர்க்கப்படும்" என்றாள்.