அழித்துத் தரச் சொல்லிப் போனோம்

என் வீட்டுக்காரர் சிவஞானத்துக்குச் சர்க்கார் என்றால் சாமி. மத்திய அரசு ஆபீசில் முப்பது வருஷமாக ஃபைல் தள்ளுகிறவர், வேறு எப்படி இருப்பார்? வடக்கே லக்ஷ்மிபாய் நகர் குடியிருப்பில் எங்கள் மேல்வீட்டில் நகை திருடு போனபோது, பிளாக்கில் உள்ள ஆண்கள் விருப்பப்பட்டால் கைரேகையும், டி.என்.ஏ. பார்க்க எச்சிலும் கொடுக்கலாம் என்று போலீஸ் சொன்னது. விருப்பப்பட்டால்தான். எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரர் மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் முதல் ஆளாகப் போய் நின்றார். எங்களோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்த என் தம்பி செல்வராஜையும் இழுத்துக்கொண்டு போனார்.

"சர்க்கார் கேக்கு. நாமளே மாட்டேன்னா எப்படி?" என்றார்.

அந்த மாசமே சோனிபத்தில் திருடன் பிடிபட்டான். நகைகூடக் கிடைத்துவிட்டது. இவரும் தம்பியும் கொடுத்தது மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

அது எங்களுக்குத் தெரிய மூன்று வருஷம் ஆயிற்று. தம்பி ராப்பகலாகப் படித்து மத்திய அரசு வேலைக்குத் தேறினான். போலீஸ் சரிபார்ப்பில் அவன் பெயருக்கு நேராகத் 'திருட்டு வழக்கு' என்று வந்து நின்றது. சந்தேகத்தில் பிடிபட்டவனா, தானாக வந்து கொடுத்தவனா என்று அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? மாசக் கடைசிக்குள் பதிவை நீக்கிக்கொண்டு வராவிட்டால் வேலை அடுத்தவனுக்கு. வயசு வரம்பு முடிந்துவிட்டது; இன்னொரு பரீட்சை அவனுக்குக் கிடையாது.

ஸ்டேஷனுக்கு மூன்று பேரும் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவர் இல்லை; டீகூடச் சொன்னார்.

"எவ்வளவு நாள் வச்சிருப்பீங்க?" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன்.

"எடுக்க ஆர்டர் உண்டு, மேடம். நீக்க மேலே எழுதணும்." கீழே பார்த்தபடியே சொன்னார். "முதல்ல இது இவரோட பதிவுதானான்னு ஒத்துப் பாக்கணும். விரலை வைக்கச் சொல்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அழிக்கச் சொல்லி வந்தா, இன்னொரு தடவை குடுக்கணுமா?"

இவர் என் முழங்கையைத் தொட்டார். "ஃபார்மாலிட்டிதான, வள்ளி. வச்சிரட்டும்."

"நீங்க பேசாதீங்க," என்றேன். அத்தனை பேருக்கு நடுவில் அவரை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் செத்துப்போயிற்று.

"விடுக்கா," என்றான் தம்பி. "வேல வேணும்ல."

எழுந்து போனான். யாரும் சொல்லித்தரவில்லை. கையைச் சட்டையில் துடைத்தான். நான்கு விரலையும் சேர்த்து மிஷின் கண்ணாடியில் பதித்து, விளக்கு அணையும்வரை அசையாமல் நின்றான். பிறகு அடுத்த கை. கடைசியில் கட்டைவிரல் இரண்டும்.

அப்போதுதான் உள்ளே வந்த கான்ஸ்டபிள் ஒருவன் மிஷினருகே நின்றான். தம்பியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேஜைக்காரரிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"பழைய கேடி போல, சார்."

தம்பி திரும்பி என்னைப் பார்க்கவில்லை. தன் அத்தானைத்தான் பார்த்தான்.