ஹீட்டரை அணை

மலையடிவாரக் கடை வாசலில் மின்சார வண்டிகளுக்கென்று இருந்த இரண்டு சார்ஜரில் ஒன்றுதான் வேலை செய்தது. இன்னொன்றைப் போன வாரமே பனி தின்றுவிட்டது; அதன் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். வேலை செய்த ஒன்றில் தோர்கிலின் வண்டி மாட்டியிருந்தது. தோர்கில் என் பழைய புருஷனின் தம்பி.

மலைமேல் காற்று அடித்தது. அப்படிப்பட்ட நாளில் யாரையும் தனியாக ஏற விடமாட்டார்கள். தடுப்புக் கட்டைக்குப் பின்னால் வண்டிகள் வரிசைகட்ட வேண்டும். பனி தள்ளும் லாரி முன்னே போகும், எல்லோரும் அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அன்றைக்கு ஒரே ஒரு வரிசைதான், அது போனதும் மலையை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மலைக்கு அந்தப்பக்கத் துறையில் நான் ஏற வேண்டிய மீன்பிடி படகு நின்றது. பிடிக்கிற பருவம், காட் மீன் கூட்டம் கரையோரம் வந்திருந்தது. சாயங்காலம் கயிற்றை அவிழ்ப்பேன், யாருக்காகவும் நிற்கமாட்டேன் என்று படகுக்காரர் ஹால்வார் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து இரைக் கொட்டகையில் நின்று தூண்டிலுக்கு இரை கோத்தவள் நான். விரல் வெடித்து, முதுகு வளைந்து, இப்போதுதான் முதல்முறையாகப் படகில் ஒரு இடம் கிடைத்திருந்தது. நான் போய்ச் சேரவில்லை என்றால் ஏறிக்கொள்ளத் துறையிலேயே ஆள் காத்திருந்தது.

எங்கள் ஊர்களில் எண்பது சதவீதம் ஏறியதும் வண்டியைக் கழற்றிவிடுவதுதான் மரியாதை. அதற்கு மேல் மின்சாரம் ஊர்ந்துதான் ஏறும். பின்னால் நிற்பவர் வாய் திறந்து கேட்பதும் வழக்கமில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து முறைக்கலாம், அவ்வளவுதான். நானும் முறைத்தேன். அவன் வண்டி எண்பதைத் தாண்டியது. அவன் கடைக்குள் சாசேஜ் தின்றுகொண்டிருந்தான். நான் இறங்கி உள்ளே போனேன்.

"எண்பது தாண்டிடுச்சு. கழட்டுடா."

"யாரு, அண்ணியா? தப்பு, தப்பு. பழைய அண்ணி." உதட்டிலிருந்த கடுகை நக்கினான். "நூறு ஆகட்டும், கழட்டறேன்."

"உனக்கு எதுக்கு நூறு?"

"மலை ஏறத்தான். வேற எதுக்கு, அழகு பாக்கவா?"

"என் படகு போயிடும் தோர்கில்."

"எங்கண்ணன இப்படித்தான கரையில நிக்க விட்டுட்டுப் போன? நீயும் கொஞ்சம் நின்னு பாரு."

"உங்கண்ணன் நின்னது கரையில இல்ல. பாட்டிலுக்குள்ள."

கடைக்காரி காபி ஜாடியைத் துடைத்தாள். ஏற்கனவே துடைத்த ஜாடிதான். தோர்கில் இன்னொரு சாசேஜ் கேட்டான்.

நூறு ஆனபிறகே கழற்றினான். நான் ஓடிப்போய் மாட்டினேன். எண் நகரவில்லை. நாற்பதில் நின்றது, வெகுநேரம் கழித்து நாற்பத்தொன்று ஆனது.

தப்பு என்னுடையதுதான். சார்ஜருக்கு வரும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்க என் வண்டியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அதுவும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும் என்று நான் அதைத் தொடவேயில்லை. ஹீட்டரையும் போடவில்லை. எங்கள் வீட்டில் குளிர்ந்தால் முதலில் கம்பளியை மாட்டுவோம், அடுப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். ராத்திரி முழுக்க வெளியே உறைந்து கிடந்த வண்டியில், அடுக்கடுக்காகக் கம்பளி சுற்றி, மிச்சம் பிடித்த பெருமையோடு வந்திருந்தேன். உறைந்த பேட்டரிக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் மின்சாரம் இறங்கும். மிச்சம் பிடித்தது என்னையே கடித்தது.

லாரிக்காரி ஹெர்திஸ் டார்ச்சோடு வரிசையைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் எட்டிப்பார்த்தாள். சார்ஜரில் நின்ற என்னிடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"நாப்பத்தொண்ணா? இதை வச்சுக்கிட்டா மலை ஏறப் போற?"

"போயிடும் ஹெர்திஸ்."

"போகாது. நடுவுல நின்னுட்டா உன்னை யாரு தூக்கிட்டு வர்றது, நானா? எனக்கு இருக்கறது ஒரே முதுகு. வண்டிய ஓரங்கட்டு."

அவளிடம் கெஞ்சிப் பிரயோஜனமில்லை. வண்டியை ஓரங்கட்டினேன். பையை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய், தோர்கிலின் வண்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

"எறங்கு."

"மாட்டேன்."

"இது என் வண்டி."

"தெரியும். உன் நாத்தம்தான் அடிக்குது."

ஹெர்திஸின் டார்ச் கண்ணாடியில் அடித்தது. "கட்டையத் தூக்கியாச்சு! சண்டை போடணும்னா இங்கயே இருந்து போடுங்க. உங்களுக்காக நான் நிக்கமாட்டேன்."

முன்னாலிருந்த வண்டி நகர்ந்தது. தோர்கில் பல்லைக் கடித்துக்கொண்டு பெடலை மிதித்தான்.

மேலே வானமும் இல்லை, தரையும் இல்லை. முன்வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பாதி மலையில் வரிசை நின்றுவிட்டது. பாதையில் பனி மேடு கட்டியிருந்தது, அதை லாரி முட்டி முட்டி உடைத்தது. இறங்கக் கூடாது என்பது சட்டம். உட்கார்ந்திருந்தோம். ஹீட்டர் இரைந்தது, எண் இறங்கியது. எழுபது. அறுபது. ஐம்பதுக்குக் கீழே. கடையில் அவன் நூறு கேட்டது வீம்புக்கு மட்டுமில்லை என்று அப்போது புரிந்தது. 

"ஹீட்டரை அணை," என்றேன்.

"அணைச்சா செத்துருவேன்."

"அணைக்கலைன்னா ரெண்டு பேரும் சாவோம். நீ மட்டும்னா எனக்குப் பரவாயில்ல."

"உனக்கென்ன, செம்மறியாடு மாதிரி உக்காந்திருக்க. எனக்கு இருக்கறது இந்த ஒரு சட்டை."

"மலைக்கு வர்றவன் இப்படியாடா வருவான்?"

"வண்டிக்குள்ள ஹீட்டர் இருக்குதே!"

எண் நாற்பத்தொன்றைத் தொட்டது. என் வண்டியை ஹெர்திஸ் ஓரங்கட்டச் சொன்னது இந்த நாற்பத்தொன்றுக்குத்தான். மேடு இன்னும் உடையவில்லை.

என் பையில் ஒரு ஸ்வெட்டர் இருந்தது. படகின் மேல்தளத்துக்கென்று வைத்திருந்தது. மேலே சுற்றியிருக்கும் கம்பளியோடு அதையும் போடாமல் அந்தக் காற்றில் தூண்டில் இழுக்க முடியாது. பையின் வாரைப் பிடித்துக்கொண்டே எண்ணைப் பார்த்தேன். முப்பத்தெட்டு. ஸ்வெட்டர் இல்லாமல் படகில் போவது கஷ்டம். வண்டி நின்றுவிட்டால் படகே இல்லை. எடுத்து அவன் மடியில் எறிந்தேன்.

விரித்துப் பார்த்தான். கழுத்துப் பின்னலைப் பார்த்ததும் முகம் மாறியது. "இது எங்கம்மா பின்னினது."

"எனக்குப் பின்னினது. மாட்டிக்கிட்டு அணை."

"நீ குடுத்து நான் போடறதா?"

"உனக்கா குடுக்கறேன்? என் படகுக்குக் குடுக்கறேன். மாட்டுடா!"

கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே மாட்டினான். ஸ்வெட்டரின் கை அவன் முழங்கையோடு நின்றது. ஹீட்டரை அணைத்தான். கண்ணாடி உள்பக்கமே வெள்ளையாகப் பூத்தது. வரிசை நகர்ந்தபோது நான் பேங்க் கார்டால் அவன் முன்னாலிருந்த கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே வந்தேன், அந்த ஓட்டை வழியாக அவன் ஓட்டினான். 

துறைக்கு வந்தபோது எண் மூன்று. படகின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹால்வாரின் கை கயிற்றில் இருந்தது.

இறங்கிக் கையை நீட்டினேன். "கழட்டிக் குடு."

கதவைப் பூட்டினான். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினான். "வண்டிக் கூலி," என்றான்.

கிளம்பினான். மூன்று சதவீதத்தில் வண்டி ஊர்ந்தது. அவ்வளவு மெதுவாகத் தப்பி ஓடியவனை நான் பார்த்ததில்லை, நடந்தே பிடித்திருக்கலாம். ஆனால் ஹால்வார் முதல் கயிற்றை அவிழ்த்துவிட்டார். நான் படகில் குதித்தேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்வெட்டர் எங்க?"

"மலை புடுங்கிக்கிச்சு."

"முதல் இழுப்புலயே வெறச்சுப் போவ."

"வெறச்சுக்கறேன்," என்றேன். "அந்தக் கயித்தையும் அவிழுங்க."