தேச்சா ஆற்றில் கழுவிய வாத்து

முதல் பனி விழுந்த காலையில் தேச்சா ஆறு புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகைக்குள் என் பெருவாத்துகள் மிதந்தால் எது புகை, எது வாத்து என்று தெரியாது. புகையே கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

ஆற்றின் மேல்புறத்தில், அணுகுண்டுக்கு மருந்து செய்கிற தொழிற்சாலை தன் கழிவை இந்த ஆற்றில்தான் விட்டது. நான் சின்னவனாக இருந்தபோது குதிரைப் போலீஸ் வந்து எங்களைக் கரையிலிருந்து விரட்டும். ஏன் என்று சொல்லாது. இப்போது நகரத்து ஆட்கள் கிர்கிர் என்று கத்தும் பெட்டியோடு வந்து, தண்ணீரில் விஷம், வாத்து வளர்க்காதே என்கிறார்கள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டவன் இன்றைக்குத் திறந்தால் நான் நம்பிவிட வேண்டுமா? தண்ணீருக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. வளர்த்தேன்.

அந்த வருஷம் இறகு பறிக்கும் விருந்துக்கு மருமகள் ஃபைருஸா நகரத்திலிருந்து வந்தாள். வயிற்றில் பிள்ளை. இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. எங்கள் தாத்தார் இனத்து ஊர்களில் அந்த விருந்து நாளில் பெண்கள் கூடி இறகு பறித்து, வாத்துகளைக் காவடித் தண்டில் தொங்கவிட்டு, ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கழுவுவார்கள். அடுத்த வருஷம் வாத்து பெருக வேண்டும் என்று வழியெல்லாம் இறகு தூவுவார்கள். பனிமேல் இன்னொரு பனி. அன்றும் அப்படியே புகைக்குள் இறங்கினார்கள். ஆட்கள் மறைந்து சிரிப்பு மட்டும் கரையில் நின்றது. பக்கத்து வீட்டு நாகிமா, "பிறக்கப்போவது பெண்தான், என் வாத்து மாதிரி வாயாடி" என்று ஃபைருஸாவைக் கேலி செய்தது கேட்டது.

மத்தியானம் வாத்து வெந்தது. என் மனைவி மின்னிகமல் நல்ல தொடையை ஃபைருஸா தட்டில் வைத்தாள். அவள் தொடாமல் என்னைப் பார்த்தாள்.

"மாமா, இதை நான் சாப்பிடலாமா?"

"பெட்டிக்காரன் பேச்சைக் கேட்டுட்டியா?"

"அவனையும் நம்பல, டாக்டரையும் நம்பல. நீங்க யாரையுமே நம்ப மாட்டீங்க, அதான் உங்களக் கேக்குறேன். நீங்க சொன்னா சாப்பிடுறேன்."

யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எல்லாரையும் பொய்யன் என்று சொல்லியே வாழ்ந்துவிட்டேன். நீ உண்மையைச் சொல் என்றால் என் கையில் என்ன இருக்கிறது? தட்டிலிருந்து ஆவி எழுந்து அவள் முகத்தை மறைத்தது. அந்த வெள்ளைக்குள் அவள் வெகு தூரத்தில், அக்கரையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"வேண்டாம்மா," என்றேன்.

மின்னிகமல் கரண்டியைப் போட்டாள். "வருஷம் பூரா வளத்தது நீதானே, கிழவா."

தொடையை என் பக்கம் இழுத்துக்கொண்டு உருளைக்கிழங்கை ஃபைருஸா பக்கம் தள்ளினேன். அவள் ஒன்றை எடுத்து உடைத்தாள். மஞ்சளாக, மாவு மாவாக இருந்தது. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இது எங்க விளைஞ்சது, மாமா?"

ஆற்றங்கரைத் தோட்டத்தில். பாலும் அந்தக் கரைப் புல்லைத் தின்கிற மாட்டுப் பால்தான். நான் எழுந்துபோய், அவளை நகரத்துப் பேருந்தில் ஏற்றிவிட வண்டியில் குதிரையைப் பூட்டினேன். வழியில் பசிக்குமே என்று கட்டிக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை.