சர்வருக்கு நாலு வார்னிங்

தங்கவயலில் காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் மில்லின் இரண்டாவது கேட்டில் முதலில் நடக்கிற காரியம் தம்மபாலனுக்கு வார்னிங் கொடுப்பதுதான். மெஷின் ஓடுவது, கல் அரைபடுவது, தங்கம் பிரிவது எல்லாம் அதற்கு அப்புறம்.

தம்மபாலன் மில் கேண்டீனில் சர்வர். பூமிக்கடியிலிருந்து ஏற்றி வந்த கல்லைப் பொடியாக்கித் தங்கத்தைப் பிரித்தெடுக்கிற இடம் என்பதால் மில்லுக்கு இரண்டு கேட். கேண்டீன் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அங்கிருந்து டீ கேனையும் கண்ணாடி டம்ளர்கள் அடுக்கிய கம்பிக் கூடையையும் தூக்கிக்கொண்டு இரண்டாவது கேட்டைத் தாண்டி உள்ளே போய், மெஷின் பக்கத்தை விட்டு நகர முடியாதவர்களுக்கு நின்ற இடத்திலேயே டீ கொடுப்பது அவன் வேலை. மூன்று வருஷமாக அதைச் செய்துவந்தான். மூன்று வருஷமும் தற்காலிகம்.

1963 கடைசியில் புதிதாக ஒரு செக்யூரிட்டி ஆபீசர் வந்து சேர்ந்தார். பட்டாளத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரும் அவரை மேஜர் என்றே கூப்பிட்டது. முக்கால் கன்னடமும் கால் தமிழுமாகப் பேசுவார். புது வருஷத்தன்று அவர் பதினாலு விதிகள் கொண்ட ஓர் ஒழுங்குமுறையை அமலுக்குக் கொண்டுவந்தார். அதன்படி கேட் வாட்ச்மேன் காலையில் ஒவ்வொரு பெயராக உரக்கப் படிக்கவேண்டும். ஏட்டில் இருப்பதற்கும் எதிரில் நிற்பதற்கும் வித்தியாசம் இருந்தாலோ, விதி ஏதாவது மீறப்பட்டாலோ, ஒவ்வொன்றுக்கும் ரோஸ் நிறச் சீட்டில் வார்னிங் எழுதவேண்டும். எழுதியபின் என்ன செய்வது என்று விதிகளில் இல்லை. ஆகவே எழுதிவிட்டு உள்ளே அனுப்பிவிடுவார்கள். சீட்டின் தலையிலேயே 'எச்சரிக்கையுடன் அனுமதி' என்று அச்சடித்திருந்தது.

வாட்ச்மேன் மரியகுழந்தை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் படிக்கிறவர். அந்தக் குரலிலேயே கேட்டிலும் படிப்பார்.

"முனிசாமி." சற்று நிறுத்துவார். "பேர் கீது, ஆள் இல்ல. வார்னிங் ஒண்ணு. இன்னாபா உன் பேரு?"

"தெனம் கேக்குறியேண்ணா."

"நான் கேக்கல, ரூல் கேக்குது."

"தம்மபாலன்."

"தம்மபாலன். ஆள் கீது, பேர் இல்ல. வார்னிங் ரெண்டு. கேனுக்கு அடியில இன்னா?"

"கரிச்சட்டி. டீ ஆறாம இருக்க."

"ரெட்டை அடி வெச்ச பாத்திரம், விதி ஒம்போது. வார்னிங் மூணு. வேலை?"

"சர்வர்."

"சர்வர், விதி பதினொண்ணு. வார்னிங் நாலு. போ போ, டீ ஆறுது."

இப்படி ஒரு நாளைக்கு நாலு வீதம், நூற்றெழுபத்தெட்டு நாளில் எழுநூற்றுப் பன்னிரண்டு வார்னிங் சேர்ந்தது. யாரும் கவலைப்படவில்லை. வெயில் அடிப்பதுபோல அதுவும் ஒன்று என்று இருந்தார்கள். ஜூலை மாதக் கடைசியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆகஸ்டு கடைசி வாரம் திங்கள் முதல் சனி வரை ஆறு காலையும் வார்னிங் இல்லாதவர்களுக்குப் பழைய வார்னிங்குகள் ரத்து. தற்காலிகமாக இருந்தால் வேலை நிரந்தரம். அந்த வாரத்திலும் ஒரு வார்னிங் வாங்கினவர்களின் பெயர் ஏட்டிலிருந்து அடிக்கப்படும்.

நோட்டீஸை நின்று இரண்டு தடவை படித்துவிட்டுத் தம்மபாலன் வீட்டுக்குப் போனான். வீடு என்பது சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் மனைவி யசோதாவின் அண்ணன் வீடு. ஒரே அறையின் குறுக்கே கயிறு கட்டிப் பழைய புடவை தொங்கியது. புடவைக்கு இந்தப் பக்கம் மூன்று வருஷமாக இவர்கள். இரண்டு பேரும் ஏதாவது பேச ஆரம்பித்தால் அந்தப் பக்கத்திலிருந்து மைத்துனர் இருமுவார்.

"பர்மனென்ட் ஆனா கம்பெனி வீடு தருவாங்க. ஸ்கெலட்டன் லைன்ல மூணு வீடு காலியா கீதாம்," என்றான் தம்மபாலன்.

"ஆவலைன்னா?"

"வேலையே இல்ல."

மைத்துனர் இருமினார்.

"அந்த நாலு வார்னிங்கையும் இன்னா ஏதுன்னு பாருங்க," என்றாள் யசோதா, குரலை இறக்கி. "ஒண்ணு ஒண்ணா எடுங்க. முடிச்சு போட்டது மனுசன்தானே."

மறுநாள் தம்மபாலன் செக்யூரிட்டி ஆபீஸ் கிளார்க் மாணிக்கராஜிடம் போனான். மாணிக்கராஜ் நல்ல மனிதர். எந்தக் காரியத்தையும் கடிதமாக்காமல் செய்யமாட்டார் என்பது ஒன்றுதான் குறை. ஒரு தாளை எடுத்து ஒன்று முதல் நாலு வரை எண் போட்டார்.

முதல் இரண்டும் பெயர் விவகாரம். தகப்பனார் வைத்த பெயர் முனிசாமி. பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் இருந்ததும் அதுதான். பிறகு பௌத்த விகாரையில் தீட்சை பெற்றுத் தம்மபாலன் ஆனான். வேலைக்குச் சேரும்போது வாயால் சொன்னது ஒன்று, சர்ட்டிபிகேட்டில் இருந்தது ஒன்று. ஆபீஸ் காகிதத்தை நம்பியது. 'ஆகவே ஐயா அவர்கள் முனிசாமியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் அடியிற்கண்டவனைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று தம்மபாலன் எழுதிக் கொடுத்தான்.

நாலு நாளில் பதில் வந்தது. ஒருவரை ஏட்டிலிருந்து நீக்க அவருடைய ஒப்புதல் தேவை. ஆகவே முனிசாமி நேரில் வரவும். அவரை அடையாளம் காட்ட, நன்கு அறிந்த மில் ஊழியர் ஒருவரும் உடன் வரவும்.

"முனிசாமியை நல்லாத் தெரிஞ்ச ஊழியர் யாரு கீறாங்க?" என்று மாணிக்கராஜ் பேனாவைத் திறந்தார்.

"நான்தான் சார்."

"அப்ப நீயும் வா, அவரும் வரட்டும்."

மேஜரின் அறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். தம்மபாலன் முதலில் இடது நாற்காலியில் உட்கார்ந்து, முனிசாமியாகத் தன்னை நீக்கச் சம்மதித்தான். பிறகு வலது நாற்காலிக்கு மாறி, பக்கத்தில் இருந்தவரைச் சின்ன வயசிலிருந்தே தெரியும் என்று சாட்சி சொன்னான். மேஜர் இரண்டு கையெழுத்தையும் வைத்துப் பார்த்து, "ரெண்டும் ஒரே தரா இதே அல்ல?" என்று புருவத்தைத் தூக்கினார். சாட்சிக் கையெழுத்தை மறுபடி இடது கையால் போட வைத்தார்கள். அத்தோடு முனிசாமி ஒழிந்தான். தம்மபாலன் ஏட்டில் ஏறினான்.

மூன்றாவது கரிச்சட்டி. அதைக் கழற்றிவிட்டு யசோதாவின் கம்பளியைக் கேனுக்குச் சுற்றினான். தங்கவயலில் ஆகஸ்டு மாதத்துக் குளிரில் கம்பளியைக் கழற்றிக் கொடுப்பது சாதாரணக் காரியமில்லை. அவள் இரண்டு புடவையைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். டீ கடைசி மெஷினுக்குப் போய்ச் சேரும்போது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. "இன்னாபா, கேன் கழுவின தண்ணியா?" என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டே குடித்தார்கள்.

நாலாவதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. சர்வருக்கும் விதி பதினொன்றுக்கும் என்ன சம்பந்தம்? மாணிக்கராஜ் ஒரு வாரம் பழைய பைல்களைப் புரட்டி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"சர்வர்னா யாருன்னு நெனைச்ச?"

"டீ குடுக்கறவன்."

"அது உனக்கும் எனக்கும். விதியை டைப் அடிச்சவருக்கு சர்வர்னா கோர்ட்டு சம்மன் குடுக்கறவன். அமீனா. யூனியன் கேஸ் நடந்துகினு இருந்த நேரம் பாரு. சம்மனோட எவனும் உள்ள வரக்கூடாது, மேனேஜர் லெட்டர் இருந்தாத்தான்னு போட்டுட்டாங்க. ஏழு மாசமா நீ தெனம் காலையில கம்பெனிக்கு சம்மன் குடுக்க வந்துகினு இருக்க."

"கேன்ல டீதானே சார் இருக்குது. தொறந்து பாத்தாத் தெரியாதா?"

"கேனைத் தொறந்து பாக்க விதி ஒம்போது. நீ பதினொண்ணுல மாட்டியிருக்க. அது வேற பைல்."

விதியைத் திருத்த வேண்டுமென்றால் பெங்களூருக்கு எழுதவேண்டும். பதில் வர ஆறு மாதம். அதைவிட அவன் வேலையின் பெயரைத் திருத்துவது சுலபம் என்று மாணிக்கராஜ் முடிவு செய்தார். அங்கீகரிக்கப்பட்ட நாற்பத்தொரு வேலைகளின் பட்டியலை விரித்து விரலை ஓட்டினார். டீ சம்பந்தப்பட்டது ஒன்றும் இல்லை. விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஆயில்மேன். மெஷினுக்கு எண்ணெய் ஊத்தறவன். நீயும் ஊத்தறவன்தானே. அவன் மெஷினுக்கு ஊத்தறான், நீ மெஷின் ஓட்டறவனுக்கு ஊத்தற."

"ஏட்டுல மட்டும்தானே சார்?"

"வேற எங்க? ஏட்டுலதான்."

ஆகஸ்டு இருபத்துநாலாம் தேதி, திங்கட்கிழமை. சங்கு ஊதியது. தம்மபாலன் கம்பளி சுற்றிய கேனோடு கேட்டில் நின்றான். மரியகுழந்தை படித்தார்.

"தம்மபாலன். பேர் கீது, ஆளும் கீது. கேனு, ஒரே அடி. வேலை, ஆயில்மேன். சரி." ஏட்டில் டிக் போட்டார். பிறகு ரோஸ் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கேட் திறக்கவில்லை.

"இன்னாண்ணா?"

"உன்ன எப்படிப்பா உள்ள வுடறது?"

"அதான் சரின்னீங்களே."

"சரிதான். ஆனா பர்மனென்ட் ஆளு பித்தளை டோக்கன் போட்டுட்டு உள்ள போறான். டோக்கன் இல்லாத நீ இத்தினி நாளு எதுல போன? சீட்டு நம்பர்ல. சீட்டுல இன்னா போட்டிருக்குது? எச்சரிக்கையுடன் அனுமதி. எச்சரிக்கை இல்லாத அனுமதிக்கு என்னாண்ட சீட்டே இல்லியே."

இருவரும் கேட் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று யோசித்தார்கள். மரியகுழந்தைக்கு மனசு கேட்கவில்லை. "சின்னதா ஒண்ணு போட்டுக்கலாமா? சட்டையில பட்டன் இல்லன்னு?"

"வேணாண்ணா. இந்த வாரம் ஒண்ணு வாங்கினாலும் பேரே போயிடும். நான் இங்கியே நின்னுக்கறேன்."

அரைமணி நேரத்தில் உள்ளேயிருந்து மேஸ்திரி சிவலிங்கம் வந்துவிட்டார். டீ இல்லாமல் ஆட்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்று கத்தினார். விஷயத்தைக் கேட்டு இன்னும் கத்தினார். தம்மபாலன் ஒரு டம்ளரில் டீ ஊற்றி, கம்பிகளுக்கு நடுவே நீட்டினான். மூன்று விரல் இடைவெளி. டம்ளர் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு உள்ளே போயிற்று. சிவலிங்கம் கத்துவதை நிறுத்திக் குடித்தார். பிறகு ஒவ்வொரு மெஷின் பக்கத்திலிருந்தும் ஓர் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

புதன்கிழமை மேஜரே வந்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் கேன், அந்தப் பக்கம் வரிசை.

"ஏனு இது?"

"டீ சார்," என்றார் மரியகுழந்தை.

"ரூல்?"

"கேட் தொறந்தாத்தான் சார் ரூல். தொறக்கலியே."

மேஜர் ஏட்டை வாங்கித் தம்மபாலன் பெயருக்கு எதிரே பார்த்தார். திங்கள், செவ்வாய், புதன், மூன்றும் சுத்தம். ஏழு மாதத்தில் அந்தக் கேட்டில் அவர் கண்ட முதல் சுத்தமான வரி அது. ஒரு டம்ளர் வாங்கிக் குடித்து, "தும்ப ஒள்ளேது," என்று சொல்லிவிட்டுப் போனார். ரொம்ப நல்லது என்றது டீயையா, ஏட்டையா என்று மரியகுழந்தைக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பியில் உரசி எட்டு டம்ளர் உடைந்தது. சிவலிங்கத்தின் புதுக் காக்கிச் சட்டையில் ஒரு டம்ளர் டீ முழுசாக இறங்கியது.

"டேய், ஒரு வார்னிங்கை வாங்கிக்கினு உள்ள வா."

"மன்னிச்சுக்கோங்க மேஸ்திரி. இன்னும் ஒரு நாளுதான்."

"உள்ள வராத சர்வர் எனக்கு இன்னாத்துக்கு? எழுதிக் குடுத்துர்றேன் பாரு, அஞ்சு நாளா வேலைக்கே வரலன்னு."

சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை காலை தம்மபாலன் ஆபீஸ் பக்கம் பார்த்துக்கொண்டே ஊற்றியதில் டீ கம்பியிலேயே பாதி சிந்தியது. பதினோரு மணிக்கு ஆபீஸில் கூப்பிட்டார்கள். மேஜையில் ஒரு பக்கம் சிவலிங்கத்தின் புகார், இன்னொரு பக்கம் கேட் ஏடு. வாசல்படியில் நின்று அவன் வேண்டிக்கொண்டது ஸ்கெலட்டன் வீட்டுக்காகக்கூட இல்லை. இந்த வேலையாவது தங்கட்டும் என்றுதான்.

மேஜர் புகாரை ஒருதரம் படித்தார். "உள்ள வரலில்லா, சரி. வார்னிங்?"

"ஒண்ணுகூட இல்ல சார்," என்றார் மாணிக்கராஜ்.

"மத்தவங்க?"

"இருநூத்திப் பத்து தற்காலிகத்துல மீதி எல்லாருக்கும் இருக்குது சார். எல்லாரும் உள்ள போனாங்க. பேரை அடிக்க அவங்க ஒப்புதல் கேட்டு எழுதியிருக்கேன்."

மேஜர் ஏட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டுத் தம்மபாலனின் வரிக்குத் திரும்பி வந்தார். "நோடி," என்று அதை விரலால் காட்டினார். "இவன் மாதிரி எல்லாரும் இருந்தா செக்யூரிட்டி பிராப்ளமே இல்லா." ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து மாணிக்கராஜ் ஆர்டரை வாசித்துக் காட்டினார். மில்லில் ஆயில்மேனாக நிரந்தர நியமனம், திங்கள் முதல். பித்தளை டோக்கன் ஒன்று. ஸ்கெலட்டனில் வீடு ஒன்று.

"சார், எனக்கு எண்ணெய் ஊத்தத் தெரியாதே."

"ஆயில்மேனுக்குத் தெரியாதுன்னு நீ எழுதிக் குடுத்தா அதுக்கு நான் பதில் எழுதணும். வேணாம்பா, கத்துக்கோ."

"அப்ப டீ?"

"சர்வர் வேலை காலின்னு நோட்டீஸ் அடிக்கச் சொல்லியாச்சு. வர்றவன் பாடு."

அன்று மத்தியானமே சாவியை வாங்கிக்கொண்டு யசோதாவோடு ஸ்கெலட்டனுக்கு நடந்தான். தகரக் கூரை, ஒரு அறை, பின்னால் கை அகலத்துக்குச் சமையல்கட்டு. யசோதா கூரையைப் பார்க்கவில்லை, அடுப்பு மேடையைப் பார்க்கவில்லை. நேரே கதவிடம் போய், உள்ளே நின்றுகொண்டு சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். துரு ஏறிய தாழ்ப்பாள் ஒவ்வொரு தடவையும் கீச்சென்றது.

"திங்கக்கெழம எண்ணெய் கொண்டாந்துர்றேன், இதுக்கும் ஊத்தலாம்," என்றான் தம்மபாலன்.

"ஒண்ணும் வேணாம், சத்தம் இருக்கட்டும்," என்றாள் யசோதா. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருமுகிறார்களா என்று சற்றுக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, குரலை இறக்காமல் அவனோடு பேச ஆரம்பித்தாள்.