வரப்பு என்றொரு அத்தியாயம்

உலகத்தாருக்கு இதனால் அறிவிப்பது யாதெனில்: சுபானு வருஷம் புரட்டாசி முதல் தேதி தொட்டு, துறைமுகக் கம்பெனியொன்றில் தலைமைக் குமாஸ்தாவாயிருந்து ஓய்வு பெற்ற ஸ்ரீமான் ஆராவமுதன், தியானம், எழுத்து, தோட்டம் மூன்றையும் ஒரே தராசில் நிறுத்தி வாழத் தொடங்கினார். ஜப்பான்காரன் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. யுத்தம் நடந்துகொண்டேயிருந்தது.

விடிகாலை நாலரை முதல் ஏழு வரை தியானம். பிறகு பதினொன்று வரை நூல் எழுதுவது. காகிதப் பஞ்சத்தால் பழைய கப்பல் பில்களின் முதுகில் அது வளர்ந்தது. மாலையில் தோட்டம்.

தோட்டம் என்றால் ஐந்து சென்ட். யுத்தகாலத்தில் தரிசெல்லாம் விளைய வேண்டுமென்று சர்க்கார் துண்டு போட்டுக் கொடுத்த புறம்போக்கு. ஒரு பக்கம் உப்பளம். அதில் அரைக்கீரை போட்டிருந்தார். போட்டது நூலுக்காக அல்ல. மனைவி செங்கமலவல்லிக்கு மாலைக்கண். விளக்கு வைக்கும் நேரமானால் சுவரைத் தடவித்தான் அடுக்களைக்குப் போவாள். டாக்டர் சுறா எண்ணெய் எழுதிக் கொடுத்தார். மீனவர் வசிக்கும் திரேஸ்புரத்தில் கிடைக்கும், ஆனால் ஐயங்கார் வீட்டுக்குள் சுறா எப்படி நுழையும்? "அப்போ தினமும் கீரையாவது கொடும். விட்டால் கண் போய்விடும்" என்று டாக்டர் கையைக் கழுவிக்கொண்டார். வாசல் முருங்கை ஆடிக் காற்றில் முறிந்திருந்தது. மழை தொடங்கினால் சந்தைக்குக் கீரை வராது. ஆக, அவள் கண் அந்த ஐந்து சென்டில் இருந்தது.

பக்கத்துத் துண்டு உப்பளத் தொழிலாளி பிச்சையாவுடையது.

"சாமி, அளத்துப் பக்கம் வரப்பு முழங்கால் ஒசரங்கூட இல்ல. ஐப்பசி மழ கொட்டுச்சுன்னா உப்புத் தண்ணி பூரா இங்கனதான் வரும். சீக்கிரம் ஒசத்திருங்க."

"வரப்புங்கறது வெறும் மண்ணில்லே பிச்சையா. மனசுக்கும் ஒரு வரப்பு உண்டு."

"அது இருக்கட்டும் சாமி, இது மண்ணுல்லா? வேணும்னா நானே நாலு மம்பட்டி போட்டுருதேன். கூலி ஒண்ணும் வேண்டாம்."

ஆராவமுதன் பதறிப்போனார். "கூடாது, கூடாது! என் கையாலே செஞ்சாத்தான் அது யோகம்."

"யோகந்தான். உப்பளத்துக்கு" என்றான் பிச்சையா.

மறுநாள் காலை 'வரப்பு' என்னும் அத்தியாயம் பிறந்தது. மாலைதோறும் தோட்டத்துக்குப் போவார், வரப்பின்மேல் நிற்பார், ஒரு வாக்கியம் உதிக்கும், மறந்துவிடப் போகிறதே என்று வீட்டுக்கு ஓடிவருவார். மண்வெட்டி சாய்த்த இடத்திலேயே சாய்ந்திருந்தது.

"ஏன்னா, மேகம் கறுத்துண்டு வரதாமே. அந்தப் பிச்சையா சொன்னதை..."

"ரெண்டே பக்கந்தான் பாக்கி, செங்கமலம்."

ஐப்பசி ஆறாம் தேதி விடியுமுன் மழை பிடித்துக்கொண்டது. அவர் தியானத்தில் இருந்தார். பிச்சையா நனைந்தபடி வாசலில் வந்து கத்தினான்.

"சாமி! ஒங்க வரப்பு அரிக்கி! மம்பட்டிய எடுத்துட்டு ஓடியாங்க, ரெண்டு பேருமா நின்னா அடைச்சிரலாம்!"

செங்கமலவல்லி மங்கலில் தடவித் தடவி வந்து கணவரின் தோளைத் தொட்டாள். உலுக்கினாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஏழு மணிக்கு இன்னும் அரை மணி இருந்தது. பிச்சையா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தன் துண்டையாவது காப்பாற்ற ஓடினான்.

மழை விட்டு வெயில் அடித்தபோது பாத்தியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. ஆராவமுதன் கருகிய இலை ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்தார். கரித்தது.

"இனி ரெண்டு வருசத்துக்கு இங்கன புல்லுகூட மொளைக்காது" என்றான் பிச்சையா. அவர் முகத்தைப் பார்த்து அவன் சொல்லவில்லை.

கார்த்திகையில் அவள் பகலிலும் சுவரைத் தடவினாள். இடது கண்ணில் பாலேடுபோல ஒன்று படர்ந்திருந்தது.

"ஏன்னா, நேக்கு ஆசாரம் வேண்டாம். அந்த எண்ணெயை வாங்கிண்டு வந்துடுங்கோ."

அவர் குடையை எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் போனார். அக்கிரகாரத்தார் கண்ணில் படாமல், 'வரப்பு' அத்தியாயத்துக்குள் சுருட்டி வைத்துப் பாட்டிலைக் கொண்டுவந்தார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள், குமட்டியது, மறுபடி குடித்தாள். தினமும் குடித்தாள்.

தை மாதம் நூல் முடிந்தது. சமநிலையின் பெருமை பற்றி முந்நூறு பக்கம். நடுவில் பன்னிரண்டு பக்கம் மட்டும் மீன் வாடை. தம்முடைய தியான பலத்தால் சகதர்மிணியின் நேத்திரம் குணமடைந்ததை முன்னுரையில் மிகுந்த அடக்கத்தோடு குறிப்பிட்டிருந்தார்.

குணமானது வலது கண் மட்டும்.